கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டர் அன்று காலையில் ஓடாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்போது ஏழாம் வகுப்பு. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால், செய்ததுதான் தெரியாமல். மறைத்தது நன்றாகத் தெரிந்துதான்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி சொந்தத் தொழில்தான் என்று தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டின் முன்பக்கம் ரோட்டைப் பார்த்த அறை ஒன்று உண்டு. அதில் இருந்த டெய்லர் காலி செய்து போயிருந்தார். அந்த அறையில் சர்வீஸ் கடை போட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அப்பா லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. “முதல்ல நம்ம வீட்டுக்கு ஒண்ணு செஞ்சு காட்டு மாப்ளே. அது சரியா இருந்தா ரூமு உனக்குத்தான்” என்றார்.

அது குற்றால சீசன். வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பாகங்கள் ஒவ்வொன்றாகப் பார்சலில் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் நல்ல நேரம், அதற்குள் ஓடவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொட விடமாட்டார்கள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தாள். மாமா குளிக்கக் கிளம்பும்போது, “வெளிய மட்டும் வைட்டி. உள்ள கைய விட்டுராத” என்றார்.

பெட்டிக்கு வைத்தேன், மானிட்டருக்கு வைத்தேன், கீபோர்டுக்கும் மவுசுக்கும் வைத்தேன். பக்கத்தில் பேப்பர் விரித்து, மெமரி என்று மாமா சொல்லும் பாகத்தை மட்டும் இன்னும் மாட்டாமல் வைத்திருந்தார். பச்சைப் பலகை, அடியில் பட்டுச்சேலைக் கரை மாதிரி தங்கப் பல்வரிசை. எல்லாவற்றிற்கும் வைத்துவிட்டு இதை விட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மாமா பார்த்தால் ஏசுவார் என்பதும் தெரியும். அதனால் திருப்பிப் போட்டு, பின்பக்கத் தங்கவரிசையில் கொஞ்சம் சந்தனம், நடுவில் குங்குமம் வைத்து, பழையபடியே கவிழ்த்துவிட்டேன். மாமா ஈரத்தலையோடு ஓடிவந்து, நேரம் போகிறதென்று அதை எடுத்து அப்படியே சொருகினார்.

சுவிட்சைப் போட்டார். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டார், திரும்பவும் அதே கதைதான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “என்ன மாப்ளே, காத்தாடி மட்டுந்தான் சுத்துது? அதுக்கு நம்ம வீட்டுல ஏற்கெனவே நாலு இருக்கே” என்றார். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

வயரையெல்லாம் கழற்றி மாட்டினார். மானிட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்த பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, “நீ எதையும் தொட்டியாட்டி?” என்று கேட்டாள். “சத்தியமா இல்லம்மா” என்றேன். வாய் கூசவில்லை. மத்தியானம் எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம், மாமா மட்டும் வரவில்லை. அருவித் தண்ணீர் மண்டையில் அடிக்க அடிக்க, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கரையேறித் தலை துவட்டுவதற்குள் அந்தத் தைரியமும் போய்விட்டது.

சாயங்காலம் மாமா ஒவ்வொரு பாகமாகக் கழற்றத் தொடங்கியிருந்தார். நான் அருகில் நின்றேன். மெமரியை உருவினார், திருப்பினார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “உன் அழிரப்பரக் கொண்டா” என்றார், அவ்வளவுதான். அதைக்கொண்டு தங்கவரிசையைத் தேய்த்துத் துடைத்து, இடுக்கை ஊதிச் சுத்தம் செய்து சொருகினார். ஒரு சின்னச் சத்தம், திரையில் வெளிச்சம். அம்மா கைதட்டினாள்.

“என்னடே கோளாறு?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணுமில்ல அத்தான். நான்தான் ஒழுங்காச் சொருகல. கவனிக்கல.”

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, கம்ப்யூட்டரும் ஓடிவிட்டது, இனி யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், “சொந்த அக்கா வீட்டுலயே காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் கவனிக்கலன்னா, ஊரான் மிஷினுக்கு என்ன கதி?” என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அது பெரியவர்கள் பேச்சு, எனக்கென்ன என்று ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அந்த அறையில் வேறொருவர் ஜெராக்ஸ் கடை போட்டார். கொல்லத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை கிடைத்து மாமா கிளம்பினார். வழியனுப்ப அம்மாவும் நானும் செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரயிலில் வேறு ஊருக்குப் போவது சந்தோஷமான விஷயம்தானே, இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

“வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க மாமா” என்றேன்.

“வாங்காம வருவனாட்டி” என்றார்.

பொங்கலுக்கு வந்தபோது மறக்காமல் ரெண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்றை முழுசாக நானே தின்றேன்.