கடைசி வரி காலியாக இருந்த அட்டை

அகராதி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அட்டை எழுதும் மனிதரைத் தெருவே 'அகராதிக்காரர்' என்றுதான் அழைக்கும். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், பிறப்பு, கடைசி வரியில் யாராவது உண்மையிலேயே பேசிய ஒரு வாக்கியம். வாக்கியம் இல்லாவிட்டால் தலைமைப் பதிப்பாசிரியர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த மாதம் அகராதிக்காரர் தலையில் விழுந்த சொல் 'சுதந்திரவாதி'. கரைத்துக் குடித்துவிட்டார் மனிதர். அதன் ஆங்கில மூலச்சொல்லை முதலில் வைத்திருந்தவர்கள் தத்துவக்காரர்களாம். மனிதன் விதியின் கைப்பொம்மை அல்ல, தானே முடிவெடுப்பவன் என்று வாதாடியவர்கள். அரசியல்காரர்கள் பிற்பாடு இரவல் வாங்கினார்கள். வாங்கியதைத் திருப்பித் தரும் பழக்கம் அவர்களுக்கு ஏது? 'பிறரை அவரவர் விருப்பப்படி வாழவிட வேண்டும் என வாதிடுபவர்' என்று பொருள் எழுதினார். தேநீர் வேளையில் அதைப் பற்றித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார்.

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் தையல் வேலை செய்யும் மனைவிக்குப் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் கடை போட ஆசை. அங்கே ஓர் அறையும் வாடகைக்கு வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ஏங்க, அந்த ரூமுக்கு என்ன சொல்றது?”

“யோசிக்கிறேன்னு சொன்னேன்ல.”

“கடை போடட்டுமான்னு கேட்டுப் பதினாலு மாசம் ஆச்சு.”

“நான் வேணாம்னா சொல்றேன்? உனக்கு இல்லாத சுதந்திரமா? என்னைக் கேக்காம ஒண்ணும் பண்ணிடாதே, அவ்வளவுதான்.”

அவள் ஜன்னலோரத் தையல் மிஷினுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை அட்டைக் கட்டைக் கொடுத்தாக வேண்டும். “இந்த ஒரு வாக்கியத்துக்கு நாயா அலையறேன்” என்று புலம்பியபடி அவர் குளிக்கப் போனார். அவள் அட்டையை எடுத்து, பொருளை இரண்டு தரம் படித்தாள். அளவு குறிக்கும் பென்சிலால் கடைசி வரியை நிரப்பி, கட்டுக்குள்ளேயே செருகினாள். வாக்கியம் இல்லாததற்குத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவரும் கட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாலையில் தலைமைப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

“இவ்வளவு உயிருள்ள வாக்கியம் நீங்க கொண்டுவந்ததே இல்ல சார். யார் சொன்னது?”

அகராதிக்காரர் அட்டையை வாங்கிப் படித்தார். 'எங்க வீட்டுக்காரர் பெரிய சுதந்திரவாதி. அவரைக் கேட்டுட்டு நான் என்ன வேணா செய்யலாம்.'

அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“தெரிஞ்சவங்க” என்றார். “எடுத்துடலாம் சார்.”

“உண்மையா பேசினதுதானே? அச்சுக்குப் போகட்டும்.”

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். இன்றைக்குப் பெரிய மனதோடு அனுமதி கொடுத்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார். ஜன்னலோரம் தையல் மிஷின் இருந்த இடத்தில் தரையில் அதன் நாலு கால் தடம்தான் இருந்தது. மேசையில் அதே பென்சில் எழுத்து:

'ரூம் சாவி வாங்கிட்டேன். நீங்க நிதானமா யோசிங்க.'