ஷிகே வீட்டு மூன்று உறைகள்

கியோத்தோவில் ஷிகே நடத்திய விடுதியில் நானாஓ, இசோபே, குரமோத்தோ என்று மூன்று மாணவர்கள் தங்கியிருந்தார்கள். ஷிகே கைம்பெண். வாய் கொஞ்சம் நீளம். "அரிசிக்கு வரிசையில நிக்கறது நான், சட்டம் படிச்சுக் கிழிக்கறது நீங்களா" என்று திட்டிக்கொண்டேதான் பரிமாறுவாள். சண்டைக் காலம். விஞ்ஞானம் படித்தவர்களை அரசாங்கம் விட்டுவைத்தது. சட்டம் படித்த இந்த மூவருக்கும் ஒரே வாரத்தில் பட்டாளத்தில் சேரச் சொல்லி ஓலை வந்தது.

உடல் திரும்பாவிட்டால் புதைப்பதற்கென்று ஆளுக்கோர் உறையில் தங்கள் தலைமுடியும் நகமும் வெட்டிப் போட்டுப் பெயர் எழுதினார்கள். ஊரில் கொடுத்தால் அம்மா அழுவாள் என்று ஷிகேயிடமே கொடுத்தார்கள். தூரிகை மை நூறு வருஷம் நிற்கும். படித்த பிள்ளைகள் அல்லவா, பேனாவால் எழுதினார்கள். நாசமாய்ப் போன ஜூன் மழையில் கூரை ஒழுகியது. மூன்று பெயரும் கரைந்துபோயின.

மறுவருஷ வசந்தத்தில் நானாஓவின் தாய் யாசு அவன் உறையைக் கேட்டு வந்தாள். மகன் போன கப்பல் மூழ்கிவிட்டது. அஸ்தி என்று பட்டாளம் அனுப்பிய வெள்ளைப் பெட்டியில் பெயர் எழுதிய காகிதம் மட்டும் இருந்தது. ஷிகே பாயில் நெற்றி பட விழுந்தாள்.

"நான் பாவிங்க. எது உங்க பிள்ளையோடதுன்னு தெரியலை."

"நகத்தைப் பாத்தா தெரிஞ்சுடும். அவன் கடிச்சுக் குதறிடுவான். எத்தனை அடிச்சும் விடலை."

பிரித்துப் பார்த்தாள். மூன்றிலும் நகம் முழுசாக இருந்தது.

"கடைசி ஒரு மாசம் கடிக்கலைங்க," என்றாள் ஷிகே. "என்னடா அதிசயம்னு கேட்டேன். அம்மாவுக்குக் குடுக்கணும்ல, வளரட்டும்னான்."

யாசு மூன்று உறைகளையும் பழையபடி மடித்து மூடினாள்.

"மத்த ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்களா?"

"போன மாசம்கூடக் கடுதாசி வந்துச்சு."

"அப்ப எதையும் தொட மாட்டேன். உசுரோட இருக்கற பிள்ளையோட முடியைப் புதைக்கலாமா? அவங்க வந்துட்டா அவங்களுக்கு இது எதுக்கு? அப்புறம் மூணையும் வாங்கிக்கறேன்."

அன்று முதல் பிறத்தியார் பிள்ளைகள் இருவருக்காகக் கோயில் கோயிலாக நடந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பெற்றவர்கள்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள். என்ன பிரயோசனம்? ஜூலையில் இசோபே போனான். சண்டை முடிய ஒன்பது நாள் இருக்கும்போது குரமோத்தோவும் போனான்.

இலையுதிர் காலத்தில் மூன்று தாய்மாரும் ஷிகே வீட்டில் கூடினார்கள். யாசு மூன்று உறைகளையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்து மூன்று பங்காக்கினாள். ஷிகே புதுக் காகிதம் மடித்துக் கொடுத்தாள்.

குரமோத்தோவின் தாய் தன் பங்கைக் கையில் வாங்காமல் கேட்டாள்: "இதுல என் பிள்ளை இருக்கானா?"

"மூணுலயும் இருக்கான்," என்றாள் யாசு.