முதல் வளைவில் கேட்ட சத்தம்

அம்மா விட்டுச்சென்ற கண்ணாடி வளையல்களை இன்று பீரோவிலிருந்து எடுத்தபோது, அவை கிணுங்கிய சத்தத்தோடு பெட்ரோல் வாசமும் வந்ததுபோல் இருந்தது. அந்த வாசம் வீசிய பழைய நாள், ஆடி முடிந்து முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். வருஷம் மட்டும் எவ்வளவு தேடியும் உறுதிப்படவில்லை. மறுநாள் கல்யாண வீட்டாரைக் கொடைக்கானலுக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய அப்பாவின் அம்பாசடர் மேட்டில் திணறியது. இப்போது செல்போன் கடையாகிவிட்ட வத்தலக்குண்டு சாலைத் தகரக் கொட்டகையில், மெக்கானிக் காசிம் பாய் பாயிண்ட்டுக்கு இடையே சிகரெட் தாளைச் செருகி, அது நழுவும் நொடியில் பொறி விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, இன்ஜினில் பொறி விழும் நேரமான டைமிங்கை வைத்தார். சுமையோடு மேடு ஏறினால்தான் சரிபார்க்க முடியும் என்பதால் அம்மா, இரண்டு சித்திகள், நான் எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

சிறுமலை முதல் வளைவில் கிணுகிணுவென்று ஒரு சத்தம் கேட்க, பாய் காதைத் தீட்டினார். "இன்ஜின் தட்டுது டிரைவரே, பொறி முந்துது." இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுப் பின்னுக்குத் திருப்பினார். மறுபடியும் கிணுகிணுவென்றது, மறுபடியும் திருப்பினார். வண்டி ஊர்ந்தது.

"இம்புட்டுத் திருப்பினா எங்கிட்டு பாய் ஏறும்? நாளைக்கு மாப்பிள்ளைதான் இறங்கித் தள்ளணும்," என்றார் அப்பா.

பாய் மெல்லப் பின்பக்கம் பார்த்தார். "தங்கச்சி, கையைச் செத்த ஆட்டாம வைங்க."

அம்மா வளையல்களை முந்தானையால் சுற்றினாள். சத்தம் நின்றது.

"அடி ஆத்தீ, நானா தட்டுனேன்!"

பாய் பழைய இடத்துக்கே டைமிங்கைத் திருப்பிவைக்க, வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது.

போன வருஷம் என் பேட்டரி காரில் அம்மாவை அதே மலைக்குக் கூட்டிப்போனேன். பொறியே இல்லாத வண்டி. முதல் வளைவு வந்ததும் அம்மா இடது கையால் வலது கை வளையல்களைப் பொத்திக்கொண்டாள்.