அணிலுக்கு விட்ட ஓட்டை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாட்டு ஓடு, தேக்கு உத்தரம், கோடையிலும் குளுகுளுவென்று இருக்குமே என்பார்கள். இருக்கும். குரங்குக்கு இருக்கும், எலிக்கு இருக்கும், அணிலுக்கும் இருக்கும். கீழே நாங்கள் குடியிருந்தோம், மேலே அவை குடியிருந்தன. எங்களைவிட அவற்றுக்குத்தான் அந்த வீட்டில் உரிமை அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் காவேரி ஊருக்குள் வந்தபோது எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு அப்பாவுக்கு உலகத்தில் ஒரே பயம் தண்ணீர்தான். வேண்டிய பொருள் எதுவும் தரையில் இருக்கக்கூடாது என்று பட்டுப்புடவை, வெள்ளிப் பாத்திரம், காகிதம் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினார். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். கீழே வரும் வெள்ளத்துக்குப் பயந்து, மேலே இருந்த பல்லுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகத்தையும் அப்படித்தான் என்னிடமிருந்து வாங்கி, அப்பாவே ஏணி வைத்து ஏறிப் பரணில் வைத்தார். பிறகு பி.காம். பட்டம். அதன்பின் டைப்பிங் ஹையர் சர்டிபிகேட். பரணில் மூடி இறுகிய ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள்தான் வைக்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை. அப்பாவைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் திருவெள்ளறையிலிருந்து ஒருவர் ஓடு மாற்ற வருவார். குரங்கு உடைத்ததை எடுத்துவிட்டுப் புது ஓடு செருகுவார். ஒரு வருஷம் இறங்கி வந்தவர், சுவர் தலைக்கும் ஓடு தாங்கும் கைமரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற ஓட்டை இருக்கிறது, கம்பி வலை அடித்துக் காரை பூசிவிட்டால் ஒன்றும் உள்ளே வராது, அரை நாள் வேலைதான் என்றார். அதன் வழியாக எது போய் வருகிறது என்று அப்பா கேட்டார். அணில் என்றார் அவர். வந்தது வினை.

"அது ராமர் தடவிக்கொடுத்த ஜீவன். குட்டி போட்டிருக்கும். அடைக்கவே கூடாது."

குட்டிகள் பெரிதாகிப் போன பிறகு அடைக்கலாம் என்று ஓடு மாற்ற வந்தவர் சொல்லிப் பார்த்தார். அந்தக் குட்டிகள் போவதற்குள் அடுத்த குட்டிகள் வந்தன. மூன்று வருஷம் இதே பேச்சு. எலிப்பொறி வைக்கவும் தடை, அணில் மாட்டிக்கொள்ளுமாம். ஒரு தடவை நான் வைத்ததை அப்பா கிணற்றில் போட்டுவிட்டார். அந்த மனுஷர் ஓட்டுக்குள் சத்தம் கேட்டால் முகம் மலர்ந்து அண்ணாந்து பார்ப்பார். எங்களைப் பார்த்து ஒரு நாளாவது அப்படி மலர்ந்தாரா? கிடையாது.

கைலாசபுரத்தில் ஓர் ஆபீஸிலிருந்து எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. டைப்பிஸ்ட் வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. காலையில் தலை பின்னிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, அந்த வீட்டை விட்டு வெளியே போக எனக்கு ஒரு காரணம் வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று கார்டில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். அப்பா படித்துவிட்டுச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் காலை நான் ஏணி வைத்து ஏறினேன். இரும்புப் பெட்டியைத் தொட்டதும் அப்பா கீழேயிருந்து, அதில் இல்லை, மூலையில் மூங்கில் கூடையில் பார் என்றார். பழைய வேஷ்டித் துணி போட்டு மூடிய கூடை. துணியைத் தூக்கினேன். தேங்காய் நார், பஞ்சு, அதோடு நறுக்கு நறுக்காகக் காகிதம். ஒரு துண்டில் பல்கலைக்கழக முத்திரையில் பாதி இருந்தது. இன்னொன்றில் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்து. நடுவில் ரோமம் முளைக்காத மூன்று குட்டிகள், சிவந்துபோய், ஒன்றன்மேல் ஒன்றாக.

நான் அழவில்லை. கூடையை அப்படியே அப்பா கண்ணுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"மெதுவாடீ. குட்டி இன்னும் கண்ணு திறக்கலை."

அந்த நிமிஷம் எனக்கு அந்தக் கூடையை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

இன்டர்வியூவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பதினைந்து நாளுக்குள் ஒரிஜினல் கொண்டுவாங்க, வேலை இருக்கு என்றார். டூப்ளிகேட் என் கைக்கு வந்துசேர ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் வெளியேறிய பிறகு, ஒரு நல்ல நாள் பார்த்து அப்பா அந்த ஓட்டையை அடைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இரும்புப் பெட்டியில் இடமே இல்லையா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இடம் இருந்துதுடீ. தம்பியோட சர்டிபிகேட்டை உள்ள வெச்சார். ஆம்பளப் பிள்ளை, நாளைக்கு வேணும் இல்லையா?"

தம்பி கணக்கில் முப்பத்தேழு மார்க் வாங்கியிருந்தான். அது அங்கே அந்துருண்டை வாசனையோடு பத்திரமாக இருந்தது.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். அப்பா ஏணி வைத்து ஏறி, இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தார். என் ஜாதகம். நாலு மூலையும் மஞ்சள் தடவியபடியே இருந்தது, ஒரு மடிப்புக்கூடக் கிழியவில்லை.