வர வேண்டாம் என்று சொல்ல நேரில் வந்தவர்

மின்தூக்கி ஏழாவது மாடியைத் தொடுவதற்குள் சேக் தாவூது மூன்று வேலைகளை முடித்துவிடுவார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார். தொப்பியைச் சரிசெய்வார். மகள் வற்புறுத்தி மாட்டிவிட்ட முகக்கவசத்தை மூக்கிலிருந்து தாடைக்கு இறக்குவார். மூன்றாவது வேலை மரியாதைக்காக. வாயை மூடிக்கொண்டு ஒருவர் வாசலில் போய் நிற்பது திருடர்கள் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி.

கதவு திறந்ததும் சலாம் சொல்லி, வீட்டுக்காரரின் வலது கையைத் தம் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். வந்த விஷயம் முடியும்வரை அந்தக் கை உரியவருக்குத் திரும்பக் கிடைக்காது.

"மச்சான், மக கல்யாணத்துக்கு வாங்கன்னு போன மாசம் வந்து சொன்னேன்ல?"

"ஆமா, இருவத்தொம்போதாம் தேதி. பேரப் பிள்ளைக்குச் சட்டைகூடத் தைக்கக் குடுத்தாச்சு."

"வராதீங்க."

இது 2020 மார்ச் மாதத்தில் நடந்தது. சேக் தாவூது தம் ஒரே மகள் ஹனீனின் திருமணத்துக்குத் தொள்ளாயிரம் பேரை அழைத்திருந்தார். அந்த மாத நடுவில், இருநூற்றைம்பது பேரோ அதற்கு மேலோ கூடும் நிகழ்ச்சிகள் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. தொள்ளாயிரத்தை இருநூற்று நாற்பத்தொன்பதாக்க வேண்டும் என்றால், அறுநூற்றைம்பத்தொரு பேரை வர வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். வேறு எவராக இருந்தாலும் ஒரு குறுஞ்செய்தியைத் தட்டி எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பார். ஹனீன் அதற்கான வாசகத்தை இரண்டு மொழிகளில் எழுதியே கொடுத்தாள். அதன் அடியில் அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

"கூப்பிடறப்ப நேர்ல போயிக் கூப்பிட்டுட்டு, வேணாங்கறப்ப போன்ல சொல்றதா? இது என்ன, நாசி கோரெங் ஆர்டர் பண்ணிட்டு கேன்சல் பண்ற மாதிரியா?" என்றார் சேக் தாவூது. மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார்.

அவருக்கு நேரமும் இருந்தது. தேக்காவில், கேம்பல் லேனுக்குப் பின்னால் உள்ள சந்தில் அவருடைய பயணப்பெட்டிக் கடை இருக்கிறது. ஊருக்குப் போகும் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கள் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டுவார்கள். ஒரு கையால் தூக்கி, கண்ணை மூடி, "முப்பத்தொண்ணு. ஒரு கிலோ ஜாஸ்தி, டேங் ஜூஸ் பவுடர் டப்பாவ எடுத்துடு" என்பார். தராசில் வைத்துப் பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். அதற்குத் தராசின்மேல் குற்றம் சொல்வார். அந்த மார்ச்சில் விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றன, தூக்கிக்காட்டப் பெட்டி வரவில்லை.

நோயைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. "சார்ஸையே பார்த்தவன்லா நான்." பிப்ரவரியில் எச்சரிக்கை நிறம் ஆரஞ்சாக மாறி, ஊரே கழிவறைக் காகிதத்துக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றபோது, அவர்களைக் கேலி செய்வதற்கென்றே பேரங்காடிக்குப் போனார். கேலி செய்யத் தோதாக வரிசைக்குள்ளேயே நின்றார். ஒரு மணி நேரத்தில் வரிசை அவரைப் பணம் கட்டும் இடத்தில் கொண்டு சேர்த்துவிட்டது. வெறுங்கையோடு வெளியே போவது நன்றாக இருக்காது என்று இரண்டு டஜன் சார்டின் டப்பாக்களோடு வீடு திரும்பினார். வீட்டில் யாரும் சார்டின் சாப்பிடுவதில்லை.

ஒவ்வொரு கட்டடத்திலும் நெற்றியில் வெப்பநிலை பார்த்துவிட்டுச் சட்டையில் வட்டமாக ஒரு ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். மற்றவர்கள் வெளியே வந்ததும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். அவர் பிய்க்கமாட்டார். பச்சை, மஞ்சள், ஊதா என்று நெஞ்சு நிறைய ஒட்டிக்கொண்டு, பதக்கம் வாங்கிய தளபதிபோல வீட்டுக்கு வருவார். "இத்தன பேர் செக் பண்ணிட்டாங்க. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல."

வர வேண்டாம் என்று சொல்லப் போனவரை எந்த வீட்டிலும் சாப்பிடாமல் விடவில்லை. உட்லண்ட்ஸில் கோழிச் சால்னா, தோ பாயோவில் கடல்பாசி இனிப்பு, மறுபடியும் உட்லண்ட்ஸில், முதல் நாள் விட்டுப்போன வீட்டில், இடியாப்பம். திருமணத்தன்று கொடுக்க வாங்கி வைத்திருந்த பரிசை, இனி எப்போது பார்ப்போமோ என்று அப்போதே கையில் திணித்தார்கள். ஒரே நாளில் மூன்று மின்சோற்றுப் பானைகளோடு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு வந்தார். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "நான் சாப்பிட மாட்டேன், ஓரமா நிக்கிறேன், என்னைக் கணக்குல சேக்காத" என்று பேரம் பேசினார். இன்னொரு வீட்டில், "இருநூத்தி நாப்பத்தொம்போதுல எனக்கு எடமில்லையா? யாரு யாரு இருக்கா? லிஸ்ட்டக் காட்டு" என்றார்கள். பட்டியல் எழுதிய நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டியபடி தப்பித்து வந்தார்.

"வாப்பா, கூட்டம் சேரக் கூடாதுன்னுதான் சட்டம். நீங்க அந்தக் கூட்டத்த வீடு வீடாப் போயிப் பார்த்துட்டு வர்றீங்க" என்றாள் ஹனீன்.

"ஒவ்வொருத்தராப் பார்த்தா அது எப்படிம்மா கூட்டம்?"

"தொண்ணூறு வீடு, வாப்பா!"

"அது நம்ம செல்வாக்கு."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. கேலாங்கில் தனியாக வசிக்கும் மைமூன் ராத்தா அவருடைய மூத்த சகோதரி. எழுபத்து நான்கு வயது. சர்க்கரை, மூச்சிரைப்பு, கோபம் மூன்றும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் மகன் ரமீஸின் திருமணத்துக்கு, கால் சுளுக்கிக் கிடந்ததால், சேக் தாவூது ராத்தாவைத் தொலைபேசியில் அழைத்தார். ராத்தா வரவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை. ஹனீனின் திருமணத்துக்காக அவரும் மனைவி சுலைகாவும் பழத்தட்டோடு மூன்று முறை போனார்கள். மூன்றாவது முறைதான் கதவு திறந்தது. ராத்தா முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் அது கல்யாணம் என்று சேக் தாவூது முடிவு செய்திருந்தார். இருநூற்று நாற்பத்தொன்பதில் முதல் பெயரே அவருடையதுதான்.

இருபத்து நான்காம் தேதி அரசாங்கம் எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்தது.

மணமக்கள் இருவர், பெற்றோர் நால்வர், சாட்சிகள் இருவர், திருமணத்தை நடத்திவைக்கும் காதியார் ஒருவர். பத்தாவது இடம் மாப்பிள்ளை அதீஃபின் பாட்டனாருக்குப் போனது. மறுநாள் சேக் தாவூது கேலாங்குக்குப் போய் ராத்தாவின் காலடியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. ராத்தாவே புரிந்துகொண்டார். "இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்தே, பைத்தியக்காரா?" என்று தம்பியின் முகத்தை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். இருந்த ஒரு கோப்பைத் தேநீரை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நான்கு ஆண்டுப் பகை அரைக் கோப்பையில் தீர்ந்தது. அன்று சேக் தாவூது மின்தூக்கிக்குக் காத்திராமல் ஐந்து மாடி படியேறி வீட்டுக்கு வந்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. தொடர்புத் தடம் தேடும் அதிகாரி. பெயர் கவிப்ரியா. தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் சேக் தாவூதுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அங்கிள், இருவத்தொண்ணாம் தேதி பிடோக்ல ஒரு வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்லா. லண்டன்லருந்து வந்த பையன் வீட்டுக்கு. நல்ல பையன், அவன்தான் சோறு போட்டான்."

"அவருக்கு பாசிட்டிவ், அங்கிள். எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"கையப் பிடிச்சிட்டிருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"அதான் சொன்னேனேம்மா, ரெண்டு மணி நேரம். சாப்பிடறப்ப விட்டுட்டேன்."

எதிர்முனையில் பெருமூச்சு போன்ற ஒன்று கேட்டது. அதன் பிறகு எங்கெல்லாம் போனார், யாரையெல்லாம் பார்த்தார் என்று கவிப்ரியா கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போலச் சேக் தாவூது நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். புளோக் எண், மாடி, வீட்டு எண், என்ன சாப்பாடு.

"அங்கிள், சாப்பாடு வேணாம். ஞாயித்துக்கெழம ஒரே நாள்ல பதினோரு வீடா?"

"பன்னெண்டு. ஒண்ணுல ஆளில்ல."

விசைப்பலகைச் சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பெருமையோடு படித்துக்கொண்டே போனார். முதல் வீட்டில் யார் யார் என்று கேட்டாள். வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிற மச்சான் என்றார். இரண்டாவது வீட்டில் நாற்பது நாள் முடியாத குழந்தை. தொட்டிலில் இருந்து எடுத்துக் கொஞ்சியதையும் சொன்னார். மூன்றாவது வீட்டில் இருமிக்கொண்டே இருக்கும் ஹாஜியார். ஆறாவது வீட்டுக்கு வரும்போது குரல் மெதுவானது. பத்தாவது வீட்டில் இடையிடையே நிறுத்தினார். எந்த முகத்துக்கு எவ்வளவு அருகில் நின்றோம் என்று அவருக்கு அப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முப்பத்தோராவது பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அங்கிள், இருக்கீங்களா?"

"மைமூன். என் ராத்தா. எழுவத்தி நாலு வயசு." நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார். "ஏம்மா, இவங்கள்ட்டல்லாம் போயி, எனக்கு இப்படின்னு ஒரு வார்த்த நேர்ல சொல்லிட்டு வந்துடவா?"

"ஐயோ, அங்கிள்! வேணாம்! ரூம விட்டே வெளிய வரக் கூடாது!"

பிடோக்கிலிருந்து கணக்கிட்டுப் பதினான்கு நாள் தனிமை. திருமணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்று மாலை ஹனீன் மூடிய படுக்கையறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். வீட்டுக்குள்ளேயே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வாப்பா. ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம்."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகில் வந்து நின்றது. பிறகு, "நேர்ல வந்து சொன்னியே, அது போதும்மா" என்றார்.

அவர் இடம் காலியானது. அதற்கு ராத்தாவை அழைக்கலாமே என்றார் சுலைகா. "காலியாவே இருக்கட்டும். மாப்பிள்ளையோட பாட்டனாரையும் வீட்லயே இருக்கச் சொல்லு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பத்துப் பேர் எட்டுப் பேரானார்கள்.

ரமீஸின் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சேக் தாவூது தொலைபேசியில் விஷயம் சொன்னார். முப்பது வீடுகளுக்குச் சொன்னார். காய்ச்சல் இருமல் வந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொன்னார். சிலர் திட்டினார்கள், சிலர் அவருக்காகத் துஆ செய்தார்கள். முப்பத்தொன்றாவது அழைப்பை எடுத்த ராத்தா, "நேத்துதான் சேந்தோம், இன்னிக்குத் திரும்பவும் போன்லயா? பேசணும்னா நேர்ல வா" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவே இல்லை.

தனிமையில் இருப்பவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்க்கத் தினமும் மூன்று முறை அதிகாரிகள் காணொளியில் அழைப்பார்கள். ஒவ்வொரு முறையும் சேக் தாவூது தொப்பி அணிந்து, தலையணையை நிமிர்த்தி வைத்து, "சாப்டீங்களா?" என்று அவர்களை விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுலைகாவும் ஹனீனும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். சேக் தாவூது பட்டுச் சட்டை அணிந்து கட்டில்மேல் உட்கார்ந்து, மகளை மணம் முடித்துக் கொடுக்கும் பொறுப்பைத் தொலைபேசித் திரை வழியாகவே காதியாரிடம் ஒப்படைத்தார். இடுப்புக்குக் கீழே கைலிதான் கட்டியிருந்தார். திரை அணைந்த பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

அவருடைய படுக்கையறை ஜன்னல் பொது நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும். அதில் ஒரு நிழல் விழுந்தது.

"தாவூது."

மைமூன் ராத்தா. கல்யாணப் புடவையில், மூச்சு வாங்க, கம்பியில் முகத்தை அழுத்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முகக்கவசம் கைப்பைக்குள் மடித்துப் பத்திரமாக இருந்தது.

"மக கல்யாணத்தன்னிக்கு உன்ன ரூம்ல தனியாப் போட்டு அடச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. கதவத் தொற."

சேக் தாவூது சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ராத்தா, தள்ளிப் போங்க. எனக்கு நோய் இருக்கலாம்."

"இருந்தா இருக்கட்டும். சின்ன வயசுல உன் சிரங்கையெல்லாம் கழுவினவ நான். தொறடா."

"அன்னிக்கு உங்கள்ட்ட வந்ததே தப்பு. காய்ச்ச இருக்கா? இருமல்?"

"கோவந்தான் இருக்கு. எவ்ளோ நேரம் நிக்க வைக்கிறே? கால் வலிக்குது. முகத்தையாவது கிட்டக் காட்டு."

சேக் தாவூது ஜன்னலை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார். ராத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. வெயிலில் நடந்து வந்ததால் இருக்கலாம். சேக் தாவூது ஜன்னல் கைப்பிடியைப் பிடித்தார்.

"என்னடா பண்றே? தாவூது, நான் நேர்ல வந்து நிக்கிறேன். இத மூடினே, செத்தாலும் உன் வாசல மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காதீங்க ராத்தா. நேரா டாக்டர்ட்ட போங்க."

ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சேக் தாவூது கொண்டியைப் போட்டார். சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.