பாதி மாத்திரை

மனநல மருத்துவரை வாரத்தில் ஒரே ஒரு நாள் உட்கார வைத்திருக்கும் அதிகாரிகளே, என் தம்பி கடலில் குதித்ததற்கு நீங்கள்தான் காரணம்.

நானும்தான். அதையும் மறைக்கப் போவதில்லை.

தம்பி ரோச்சுக்குக் காதில் குரல் கேட்கும் நோய். மாத்திரை போட்டால் எங்களோடு வலை இழுப்பான், கேலி பேசுவான். டாக்டர் வரும் நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் பெரியதாழையிலிருந்து இரண்டு பஸ் மாறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நாற்காலி காலியாக இருந்தது.

“டாக்டர் லீவு. அடுத்த செவ்வா வாங்க” என்றார் மாத்திரை கொடுக்கும் பெண்.

“பழைய சீட்டுக்காவது மாத்திர தாங்கம்மா.”

“கையெழுத்து இல்லாம தர முடியாது அண்ணாச்சி.”

தனியார் டாக்டரிடம் போக என் ஒரு வாரச் சம்பாத்தியம் போதாது. நாளைக்கு ஒன்று போட வேண்டும்; வீட்டில் நான்கு மாத்திரைதான் மிச்சம். கடலில் குடிதண்ணீர் குறைந்தால் ஆளுக்குப் பாதியாக அளந்து கொடுப்போம். மாத்திரையையும் அப்படியே தினமும் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள், அவனை வீட்டில் தனியே விடப் பயந்து வள்ளத்தில் கூட்டிப் போனேன். வலை இழுக்கும்போது, “அண்ணே, அடியில யாரோ கூப்பிடுதாங்க” என்றான்.

“ஏலே, பேசாம கயித்தப் பிடி” என்று அதட்டினேன்.

கயிற்றை விட்டுவிட்டுக் குதித்துவிட்டான்.

சட்டையைப் பிடித்து வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டோம். தண்ணீரைக் கக்கி முடித்தவன் என்னைப் பார்த்து, “முழுசா தந்திருக்கலாம்லாண்ணே?” என்றான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தப்புதான் என்று அவன் காலைப் பிடித்தேன்.

நான் பதில் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியில் அன்றைக்கு வேறொரு டாக்டரை ஏன் உட்கார வைக்கவில்லை? எங்கள் கோயில் முற்றத்துக்கு வந்து, ஊர் முன்னால் நின்று, ரோச்சுக்குப் பதில் சொல்லுங்கள்.