மோகனூர்த் துறையில் முதல் பரிசல்

ஆடி மாதம், புதன்கிழமை. காலை ஆறு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். நாமக்கல்லுக்கு முப்பத்திரண்டு மைல், பத்தணா. பதினாறு பேர் வண்டியில் இருபத்தாறு பேர்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். கரை சேர்ந்தது, கரையேறியது என்று எங்கள் ஊரிலும் சொல்வதுண்டு. அங்கே கடல் இருக்கிறது. கடலையே கண்டிராத இந்தச் சோளக்காட்டுச் சீமையிலோ எதற்கெடுத்தாலும் கரைதான். புதுச்சத்திரம் வருவதற்குள் ஒருவர் தம் வாய்க்கால் வழக்கு கரை சேரவில்லை என்றார். இன்னொருவர், மகன் பரீட்சையில் கரையேறுவானா என்று கவலைப்பட்டார்.

எட்டரைக்கு நாமக்கல். வேறு பஸ் பிடித்துப் பத்து மணிக்கு மோகனூர். காவிரி செம்மண் நிறத்தில் கரை புரண்டு ஓடியது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். விடிந்ததிலிருந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த பரிசல்காரர், அப்போதுதான் அன்றைய முதல் நடைக்குத் துணிந்தார். அடுத்த நடை நிச்சயமில்லை. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முக்கால் மைல் மேற்கே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அங்கிருந்து விட்டால்தான் இழுப்போடு போய் எதிரே வாங்கலில் ஒதுங்கலாம்.

நான், இரண்டு வெல்ல வியாபாரிகள், எருமப்பட்டி விவசாயி ஒருவர், அவர் மகள். பதினெட்டு வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் தகரப் பெட்டி.

"பன்னெண்டு வயசுல கரையேத்தி வுட்டனுங்க," என்றார் தகப்பனார். "வருசம் திரும்பறதுக்குள்ள ஊட்டுக்கே வந்துருச்சு. இப்ப கரூர்ல வாத்தியார் படிப்புக்கு எடம் கெடச்சிருக்குதுங்க. பொழுதுக்குள்ள போகோணும். இல்லீன்னா வேற புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம்."

என்னையும் வியாபாரிகளையும் ஏற்றிய பரிசல்காரர், அவளைப் பார்த்ததும் துடுப்பைக் குறுக்கே நீட்டினார். "மொத நடைக்கு இவுங்களை ஏத்தறதில்லீங்க. அடுத்த நடைக்கு வரட்டும்."

தகப்பனார் மகள் பக்கம் திரும்பி, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சாமி," என்று பெட்டியை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. அழவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மனைவி செத்து இரண்டு வருஷமாகிறது. என்னை மட்டும் எப்படி ஏற்றினீர்?" என்றேன்.

"ஆம்பளைக்கு அதெல்லாம் ஏதுங்க?"

"ஆற்றுக்கு அது தெரியுமா? நானும் இறங்கிக்கொள்கிறேன்."

பரிசல்காரர் தலையைச் சொறிந்தார். வியாபாரி ஒருவர் முணுமுணுத்தபடி மூட்டையோடு இறங்கிப்போனார். மற்றவர் நகர்ந்து உட்கார்ந்தார். துடுப்பு விலகியது, தகப்பனும் மகளும் ஏறினார்கள். ஆளுக்கு ஓரணா.

நடு ஆற்றில் பரிசல் இரண்டு முறை சுழன்றது. கடலோரம் வளர்ந்த நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வாங்கல். கரூர்ப் பள்ளிக்கூடத்து அம்மாள் வண்டியோடு காத்திருந்தார். வீட்டில் மாடு கன்று போடும் நேரமென்பதால் தகப்பனார் அதே பரிசலில் திரும்பவேண்டும். அவர் கை கொடுப்பதற்குள் மகள் சேற்றில் கால் புதையப் புதைய மேலே ஏறிவிட்டாள்.

"காயிதம் போடு சாமி! வாரா வாரம் போடோணும்!" என்று கத்தினார்.

"ஏனுங்க, உங்களுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?" என்று பரிசல்காரர் கேட்டார்.

"தெரியாதுங்க. எல்லாத்தையும் எடுத்து வெச்சிருப்பேன். லீவுக்கு ஊட்டுக்கு வந்து அவளே படிச்சுக் காட்டட்டும்."